ஆள் நீளத்துக்கு மேல் ஒரு சாண்

கஞ்சி குடித்த அசதியில் கண்ணை மூடிக் கிடந்தாரே ஒழிய இஞ்ஞாசி கொரைரா தூங்கவில்லை. அது தெரியாமல்தான் அவர் மனைவி தெக்லா அவரை அளந்தாள். உச்சந்தலையில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று தட்டப் போனவர், எந்த எறும்பு இப்படி நேர்கோட்டில் நெற்றி, மூக்கு, நெஞ்சு என்று இறங்கும் என்று தோன்றியதும் கையைப் போட்டுவிட்டுக் கட்டையாகக் கிடந்தார். நூல். வயிற்றைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, குதிகாலில் போய் நின்றது. பாத்திரத்தை உருட்டாமல் ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கத் தெரியாத தெக்லா, கல்யாணமான நாளிலிருந்து கதவை அறைந்து சாத்தியே பழகிய தெக்லா, இன்றைக்கு மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு புருசனைத் தலையிலிருந்து கால்வரை அளக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? குதிகாலோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. அதற்கும் கீழே, கட்டில் விரிப்பின் மேல், ஏதோ செய்தாள். என்னவென்று தெரியவில்லை, கண்ணைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். பிறகு கத்தரிக்கோல் ஒரு கடி கடித்தது. முன்னறையில் போன் அடித்தது. அவள் போனதும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார், மூலையில் இருந்த தையல் மிஷின் மேல் நூல் சுருண்டு கிடந்தது. காய்ச்சல்காரர், பாத்ரூமுக்குப் போகவே சுவரைப் பிடித்து நடப்பவர், எழுந்த வேகத்தைத் தெக்லா பார்த்திருந்தால் அப்போதே ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழித்துப் போட்டிருப்பாள். எடுத்தார், வந்து படுத்தார், போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார்.

போர்வைக்குள் வெளிச்சம் மங்கலாக, காவியாக இருந்தது. நூல் தையல் நூல் இல்லை, தடித்த வெள்ளைப் பருத்தி நூல், முறுக்கு ஏற்றியது. தச்சன் பலகையில் கோடு போடப் பிடிப்பானே, அந்த மாதிரி. தச்சன் என்று நினைத்ததும் மனசு ஓரடி பின்வாங்கியது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு சொல் நிற்கிறது, அது வரட்டும், முதலில் அளவைப் பார்ப்போம் என்று அதைத் தள்ளிவைத்தார். அளவு அவருடைய தொழில். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் முப்பது வருசம் வரலாறு நடத்தியவர், டாக்டர் பட்டம் வாங்கியதே முத்துக் கரையில் போர்ச்சுக்கீசியர் புழங்கிய அளவைகளைப் பற்றி. இடது கையை விரித்தார். பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை இருபத்திரண்டு சென்டிமீட்டர், கூடாது, குறையாது, போர்ச்சுக்கீசியச் சாணான பால்மோ அச்சாக அதே நீளம். இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை பிள்ளைகளைக் கொட்டாவி விட வைத்திருக்கிறார்! ஒன்று. காய்ச்சலில் எண்ணிக்கை தவறும் என்று ஒரு சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டார். ரெண்டு, முடிச்சு. மூணு வந்தால் துணி அளக்கிற கோவதோ. அஞ்சு வந்தால் ஒரு வாரா. இந்த வாராவை நம்பினவன் உருப்பட்டதில்லை. போர்ச்சுக்கீசியனும் வாரா என்பான், ஸ்பெயின்காரனும் வாரா என்பான், முன்னவனுடையது நூற்றுப் பத்து சென்டிமீட்டர், பின்னவனுடையது எண்பத்து மூன்றரை. ஒரே பெயருக்குள்ளே ஒரு சாணுக்கு மேல் பதுங்கிக் கிடக்கிறது, பேரம் பேசுகிறவன் எந்த வாராவை மனசில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? ஆறு. ஏழு. இஞ்ஞாசியின் உயரம் ஐந்தடி ஆறங்குலம், பால்மோவில் ஏழும் பாதிக்குக் கொஞ்சம் கூடவும். நூல் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எட்டு. அதற்கு மேலும் அரைச் சாண். முடிச்சுகள் தின்றது போகவே எட்டரை.

ஆளைவிட நூல் நீளம். ஒரு சாண் நீளம், ஆனால் பால்மோ இல்லை, அதைவிடச் சற்றுக் குட்டை. அப்படியானால் இது யாருடைய சாண்? தெக்லாவின் தம்பி கஸ்பாருக்குக் கை தோணித் துடுப்பு மாதிரி இருக்கும், அவன் சாண் இல்லை. அவன் கடையில் வேலை பார்க்கிற ஆளுடையதோ என்னவோ. கஸ்பார் வைத்திருப்பது மரக்கடை. ஆகா, இப்போது வந்துவிட்டது அல்லவா அந்தச் சொல், தள்ளிவைத்த சொல், பின்வாசல் வழியாக வந்து கட்டில் காலடியில் நிற்கிறது. பெட்டி. பெட்டிக்குத்தான் அளந்திருக்கிறாள். ஆள் இருக்கும்போதே. நெஞ்சில் மூச்சு ஓடும்போதே. கழுத்துக் கட்டியில் ஊசி வைத்து எடுத்த சதை மதுரைக்குப் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமை ரிசல்ட் என்றார்கள். என்றார்கள்தானே! யார் பார்த்தது? திங்கட்கிழமை கஸ்பார் தனியாக டாக்டரைப் பார்க்கப் போனான். எதற்கு? 'சும்மா அத்தான், இந்த மாத்திரையச் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேக்கத்தான்' என்றான். அதைக் கேட்க ஒரு போன் போதாதா? திரும்பி வந்தவன் நேரே அடுப்படிக்குப் போனான், அக்காளும் தம்பியும் குசுகுசுவென்று பேசினார்கள், இவர் இருமியதும் நிறுத்தினார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் சீலா மீன் நடுத்துண்டு மூன்று. அதுவரை வாலும் தலையும் இவருக்கு, நடுத்துண்டு மறுநாளைக்கு என்றுதான் அந்த வீட்டுச் சட்டம். மஸ்கட்டில் இருக்கிற மகள் ஒரே வாரத்தில் மூன்று தடவை போன் பண்ணி 'என்னப்பா செய்யுது' என்கிறாள், அழுது முடித்த தொண்டையோடு. தெக்லா திட்டுவதில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டார், சும்மா இருந்தாள். திட்டு வாங்காத வீட்டில் இஞ்ஞாசிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கல்லூரியில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் குவிண்டால். இப்போது உரக்கடையில் சொல்கிற நூறு கிலோ குவிண்டால் இல்லை, நாலு அரோபா சேர்ந்த போர்ச்சுக்கீசியக் குவிண்டால், ஐம்பத்தெட்டே முக்கால் கிலோ. ஒருநாள் வகுப்பில் 'எங்கே, ஒரு குவிண்டால் என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா, என்னைப் பாருங்கள்' என்று சொல்லித் தொலைத்தார், அன்றோடு ஒட்டிக்கொண்டது. போன வாரம் ஆஸ்பத்திரித் தராசில் ஏறியபோது முள் ஐம்பத்தொன்றில் நின்றது. நர்ஸ் சீட்டில் எழுதினாள், அதைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதின மாதிரி இருந்தது. ஐம்பத்தொன்று என்றால் மூன்றரை அரோபா. அரை அரோபாவை யார் எடுத்துக்கொண்டு போனது? அப்போது அவருக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் மிளகுக்கும் மசாலாவுக்கும் அந்தக் காலத்தில் பழைய எடை என்று வேறொரு குவிண்டால் இருந்தது, அது மூன்றரை அரோபா. புது எடையிலிருந்து பழைய எடைக்கு இறங்கியிருக்கிறோம், மிளகுக் கணக்குப்படி இன்னும் முழுக் குவிண்டால்தான் என்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத் தெக்லாவிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தத் திரும்பலை இப்போது போர்வைக்குள் கிடந்து திரும்பத் திரும்பப் பார்த்தார். அவளுக்கு அப்போதே தெரியும். டாக்டர் இவரை எக்ஸ்ரே அறைக்கு அனுப்பிவிட்டு அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். அந்தக் கால்மணி நேரம்! அதில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரியும், கஸ்பாருக்கு, மகளுக்கு, மூன்று நாளாக 'சார் எப்படி இருக்காரு' என்று மெதுவாகக் கேட்கிற கீழ்வீட்டுக்காரருக்கு. கட்டிலில் கிடக்கிறவனுக்கு மட்டும் தெரியாது. யாரைப் பற்றிய விசயமோ அவனை விட்டுவிட்டு ஊரே பகிர்ந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அந்தக் கூடுதல் சாண் தொண்டையில் முள்ளாக நின்றது. கூடுதல் என்றால் இஞ்ஞாசிக்கு மூக்கில் வேர்த்துவிடும். கிழக்குத் தீவுகளில் கிராம்பு வாங்கப் போன போர்ச்சுக்கீசியர் எடைக்கு மேல் கொஞ்சம் வாங்குவார்கள், காய்ந்தால் குறையுமாம், அதற்கு ஈடாம், பிக்கோத்தா என்று அதற்கு அழகாக ஒரு பெயரும். திருட்டுக்குப் பெயர் வைத்துவிட்டால் அது வழக்கமாகிவிடும் என்று அவர் வகுப்பில் சொல்வார். அவர் படித்த அத்தனை அளவையிலும், தலைதட்டின மரக்காலிலும் குவித்த மரக்காலிலும், எங்கே கூடுதல் இருக்கிறதோ அங்கே எவனோ ஒருவன் கை இருந்தது. இந்தச் சாண் எதற்கு? காலடியில் இடம் விடுகிறார்களா? காய்ந்து குறைகிறவன் எதற்கு நீளமாகப் போகிறான்? திடீரென்று அப்பா வந்தார். வர வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா அவர்? அப்பா போன அன்றைக்குத் தச்சன் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, கண்ணாலேயே அளந்துவிட்டேன் என்று போனான். பெட்டி வந்தது, நாலு விரல் குட்டை. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், மழை வேறு, பிறகு அப்பாவின் முழங்காலை மடக்கிச் சாய்த்து வைத்து மூடினார்கள். பதினொரு வயசு இஞ்ஞாசி பார்த்துக்கொண்டு நின்றான். காலை நீட்டிப் படுக்க முடியாமல் அப்பா எப்படிக் கிடப்பார் என்று அன்றைக்கு வந்த பயம் இன்றைக்குவரை போகவில்லை. எந்த அளவையும் அவர் நம்பாததற்கு வேறு காரணமே கிடையாது, ஆராய்ச்சி கீராய்ச்சி எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். அதுவும் தெக்லாவுக்குத் தெரியும், அவளிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஒரு சாண் கூட விட்டிருக்கிறாளோ? காலை நீட்டட்டும் என்றோ? இப்படி நினைத்ததும் கண் எரிந்தது, உடனே கோபமும் வந்தது. இரக்கப்பட்டு ஒரு சாண் தருகிறவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இத்தனை வருசம் கூட இருந்துவிட்டு, கடைசியில் தூங்குகிறவனைத் திருட்டுத்தனமாக அளப்பதா?

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது. படியேறுகிற சத்தம், கஸ்பார்தான், ரெண்டு ரெண்டு படியாக ஏறுகிறவன் அவன் ஒருவனே. இஞ்ஞாசி போர்வையைக் காதுக்குக் கீழே இறக்கினார். அடுப்படிக்கும் இந்த அறைக்கும் நடுவே அரைச் சுவர், மேலே கம்பி வலை. அவர்கள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள்.

"அத்தான் தூங்குறாகளா?"

"கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தவுக, அசையல. நீ சத்தம் போடாத."

"நூலத் தாக்கா. மெழுகுதிரிக்காரர் மெழுக உருக்கி வெச்சிட்டு உக்காந்திருக்காரு. வெளிச்சம் இருக்கும்போதே ஊத்தணுமாம்."

மெழுகுதிரி. இஞ்ஞாசி கண்ணை அகலத் திறந்தார். உத்தரத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் உயர மெழுகுதிரி! கடற்கரைப் பக்கத்தில் உள்ளதுதான், தெக்லாவின் ஊரில் இன்னும் செய்வார்கள். வீட்டில் ஒருத்தருக்கு முடியாமல் போனால் அவரை நூலால் அளந்து, அந்த நூலையே திரியாகப் போட்டு, அதே நீளத்தில் மெழுகுதிரி வார்த்து மாதாவுக்கு ஏற்றுவார்கள். போர்ச்சுக்கல்லிலும் உண்டு, இவரே எங்கோ ஓர் அடிக்குறிப்பில் ஒன்றரை வரி எழுதியிருக்கிறார். எழுதியவருக்கு, தன் மேல் நூல் ஓடும்போது, பெட்டி ஞாபகம் வந்ததே தவிர மெழுகுதிரி ஞாபகம் வரவில்லை.

"மிஷின் மேலதாம்ல வெச்சேன். காணோம்."

"காத்துல பறந்திருக்கும். கீழ பாத்தியா?"

"எல்லாம் பாத்துட்டேன். மாதாவே, நான் என்ன செய்ய? நேந்த நூலத் தொலைச்சிட்டேனே."

"அழாதக்கா. டேப்பு வெச்சு அளந்து சொல்லிருவோம், அவரு அங்கேயே நூல் வெட்டிக்கிடட்டும்."

"டேப்புக்கால நேந்தேன்? ஒடம்புல பட்ட நூல்தாம்ல திரியா எரியணும். அவுக அறியவும் கூடாது. அறிஞ்சிட்டா பலிக்காது."

மூக்கைச் சிந்துகிற சத்தம். பிறகு தெக்லாவின் குரல் மாறியது. அந்தக் குரலை இஞ்ஞாசிக்கு நன்றாகத் தெரியும், மீன்காரியிடம் பேரம் பேசும்போது வருகிற குரல்.

"ஏல கஸ்பார். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. திங்கக்கிழம டாக்டர் உங்கிட்ட என்னதான் சொன்னாரு?"

"எத்தன தடவக்கா சொல்லுவேன்? ஒண்ணும் சொல்லல. வெள்ளிக்கிழம ரிசல்ட் வந்தாத்தான் எதுவும் தெரியும்னாரு. எனக்குத் தெரிஞ்சா ஒனக்குத் தெரியாதா?"

"நீ மறைக்கிற. அவுகளும் எங்கிட்ட எதையோ மறைக்காக. எக்ஸ்ரே எடுக்குற ரூம்ல அவுககிட்டத் தனியா ஏதோ சொல்லிருக்கான் அந்த ஆளு. குவிண்டாலு கிவிண்டாலுன்னு சிரிச்சிச் சமாளிக்காக. எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டுந்தான் தெரியாது."

இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. அவர் மனசு இத்தனை நேரம் ஓடின அதே தடத்தில் அவளும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள், எதிர்ப்பக்கத்திலிருந்து. அப்படியென்றால் யாருக்குமே தெரியாது. டாக்டருக்குத் தெரியாது, கஸ்பாருக்குத் தெரியாது. ஒளித்து வைக்கக்கூட யாரிடமும் ஒன்றும் இல்லை. இது நல்ல சேதிதானே? நல்ல சேதி என்றால் ஏன் நிம்மதி வரவில்லை? மறைக்கிறார்கள் என்று நினைத்திருந்தவரை எங்கோ ஓரிடத்தில் பதில் இருந்தது, எவனோ ஒருவன் பையில், எவளோ ஒருத்தி முந்தானையில், பிடுங்கினால் கிடைத்துவிடும். இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் இருக்கிறது, அதற்கு முன்னால் வெறும் இடம். சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறோம், அதுதான் இத்தனை நாள் தாங்கியிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தபோது, பயம் முதல்முதலாக முழுசாக, எந்தக் கணக்கும் போர்த்தாமல் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. சாகப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான் விசயம். அதற்கு அரோபாவும் இல்லை, பால்மோவும் இல்லை. நூலைத் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று அவசரமாகத் தோன்றியது, மிஷினுக்குக் கீழே எறிந்துவிட்டால் அவளே கண்டெடுப்பாள், ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிடும். எடுத்தார். முடிச்சுகள்! எட்டு முடிச்சு. முடிச்சு விழுந்த நூல் எப்படித் திரியாகும்? நகத்தால் நிமிண்டினார். முதல் முடிச்சு அவிழ்ந்தது, ரெண்டாவது அவிழ்ந்தது, மூன்றாவது இறுகிக்கொண்டது, வியர்வை வேறு. தப்பாக எண்ணிவிடக் கூடாது என்று எவ்வளவு இறுக்கிப் போட்டிருக்கிறான் மடையன்! பல்லில் வைத்து இழுத்தார். முறுக்கு பிரிந்து நூல் பஞ்சாகப் போனது. அந்த நேரத்தில்தான் கதவுத் திரை விலகியது.

தெக்லா திரையைப் பிடித்தபடி நின்றாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வாயில் நூலைக் கடித்துக்கொண்டிருக்கிற புருசனைப் பார்த்தாள். கையில் புது நூல்கண்டு இருந்தது, மறுபடி அளக்கத்தான் வந்திருக்கிறாள். வாசலுக்கு வெளியே கஸ்பாரின் நிழல் தெரிந்தது, அவள் திரும்பி, போ என்று கையைக் காட்டினாள். பிறகு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"போச்சு. நீங்க அறிஞ்சிட்டீக."

இஞ்ஞாசி நூலை வாயிலிருந்து எடுத்தார். முப்பது வருசம் அச்சாகப் பேசியே பழகிய நாக்கு ஒரு பொய்யைத் தேடிப் பிடித்தது.

"நான் ஒண்ணும் அறியல. காய்ச்சல்ல கிடக்கவனுக்கு என்ன தெரியும்? நீ அளந்துக்கோ."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். நம்பவில்லை. நம்புவதாக முடிவு செய்துகொண்டாள், அது முகத்தில் தெரிந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துவிட்டு, "அப்ப நேராப் படுங்க" என்றாள். பழைய அதட்டல். அவருக்கு அது கேட்கவே இதமாக இருந்தது. காலை நன்றாக நீட்டிப் படுத்தார். நூல் உச்சியில் தொட்டு, முகத்தில் இறங்கி, கழுத்துக் கட்டியின் மேல் வரும்போது அவள் விரல் கொஞ்சம் நின்று, பிறகு போனது. குதிகாலுக்கு வந்தது. அதற்குக் கீழே அவள் கையை விரித்தாள், சின்னக் கை, பெருவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை விரிப்பின் மேல் வைத்து நூலை நீட்டினாள்.

"தெக்லா. அந்த ஒரு சாண் எதுக்கு?"

"அறியலன்னீக?"

"சும்மா கேக்கேன்."

அவள் நூலைப் பிடித்தபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல், காலைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்களுக்கு எழுதினது எவ்வளவோ, யாரு கண்டா? அதுக்கு மேல ஒரு சாண் போட்டுத் தான்னு மாதாகிட்டக் கேட்டேன். அவ்வளவு கேக்கத்தான் தைரியம் வந்துச்சு."

இஞ்ஞாசி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கூடுதல் வாங்குவதைப் பற்றி வாழ்நாளெல்லாம் வாய் கிழியப் பேசியவர், கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு சேத்துக்க, தெக்லா. என் கையால போடு, அது பெரிசு."